மூலை கேபினெட்: எந்த வடிவம், எந்த அளவு, எப்படி அளப்பது

புதிதாகச் சமையலறை போடும்போது மேடைக்கு எந்தக் கல், ஷட்டருக்கு (கேபினெட் கதவுக்கு) என்ன நிறம் என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்வோம், ஆனால் மூலையை மட்டும் "அங்கே ஒரு கார்னர் யூனிட் வந்துடும்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவோம். நானும் அப்படித்தான் தள்ளினேன். இன்றைக்கும் என் வீட்டில் மூலையை ஒட்டிய டிராயரை இழுத்தால் நாலு விரல் அகலம் வெளியே வந்து, பக்கத்து வரிசையில் இருக்கும் ஓவன் கைப்பிடியில் முட்டி நின்றுவிடும். ஓவன் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு டிராயரை இழுக்கும் வித்தை எல்லாம் பழகியாகிவிட்டது. வெறும் 5 செ.மீ. பட்டி (இடைவெளியை அடைக்கும் ஒடுக்கமான பலகை) ஒன்று நடுவில் வைத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

அதனால் இதை வரிசையாக எழுதுகிறேன். கார்பெண்டரிடம் செய்யச் சொன்னாலும் சரி, ரெடிமேடாக வாங்கினாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

டேப் எடுப்பதற்கு முன்னால்

மூலையில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தினமும் எடுக்கும் பாத்திரமா, வருஷத்துக்கு ரெண்டு முறை எடுக்கும் பெரிய அண்டாவா, மிக்ஸி கிரைண்டர் மாதிரி கனமான சாமானா? இதற்குப் பதில் தெரியாமல் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் பிறகு வடிவத்துக்கு ஏற்ற சாமானைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். உங்களிடம் இருப்பதிலேயே அகலமான பாத்திரம் எதுவோ அதன் விட்டத்தை கைப்பிடியோடு சேர்த்து அளந்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள், கீழே அது தேவைப்படும்.

மூலைக்குள் இடம் தாராளமாகத்தான் இருக்கும். கை போகாது என்பதுதான் பிரச்சினை. மேடைக்குக் கீழே குனிந்து கை நீட்டினால் பெரும்பாலானவர்களுக்கு 60, 70 செ.மீ. தாண்டாது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடிப்படை அளவுகள்

கீழ் கேபினெட்டின் ஆழம் 60 செ.மீ., அங்குலக் கணக்கில் 24. உயரம், பெட்டி மட்டும் 72 செ.மீ., அதற்குக் கீழே கால் 10 முதல் 15 செ.மீ., மேலே மேடைக் கல்லோ பலகையோ 2 முதல் 4 செ.மீ., ஆக 84 முதல் 91 செ.மீ. வரை வரும். அங்குலத்தில் செய்யும் இடங்களில் பெட்டி கால் பகுதியோடு சேர்த்து 34.5, மேடையோடு 36. மேல் கேபினெட்டின் ஆழம் 30 முதல் 35 செ.மீ. (12 அங்குலம் என்பது வழக்கம்). மேடைக்கும் மேல் கேபினெட்டுக்கும் நடுவில் 45 முதல் 60 செ.மீ. விடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. அங்குல அட்டவணையையும் மில்லிமீட்டர் அட்டவணையையும் கலக்காதீர்கள். 24 அங்குலம் என்பது 60 இல்லை, 61 செ.மீ.; 36 அங்குலம் என்பது 91.4. ஒரு பெட்டியில் ஒரு செ.மீ.தானே என்று தோன்றும், நாலு பெட்டி சேர்ந்தால் கடைசிப் பெட்டி சுவருக்குள் போகாது.

மூலை ஏன் தலைவலி என்றால், ரெண்டு சுவரில் இருந்தும் 60 செ.மீ. ஆழத்துக்கு வரிசை வருகிறது, அந்த ரெண்டும் சந்திக்கும் இடத்தில் 60-க்கு 60 சதுரம் ஒன்று யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. அதற்கு முகப்பே கிடையாது. அந்தச் சதுரத்தை என்ன செய்வது என்பதற்கான வெவ்வேறு பதில்கள்தான் இத்தனை வடிவமும்.

மூலையை அளப்பது

சுவரின் நீளத்தை ஒரே உயரத்தில் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். தரையில் ஒன்று, மேடை உயரத்தில் ஒன்று, மேல் கேபினெட் உயரத்தில் ஒன்று என்று மூன்று முறை அளந்து, மூன்றில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலை மிச்சமிருந்தாலோ டைல் இன்னும் ஒட்டவில்லை என்றாலோ அந்தத் தடிமனையும் ரெண்டு பக்கமும் கழிக்க வேண்டும்.

அடுத்தது, மூலை மட்டமாக, அதாவது சரியாக 90 டிகிரியில் இருக்கிறதா என்பது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மூலையில் இருந்து ஒரு சுவரில் 90 செ.மீ. தள்ளி ஒரு கோடு, மறு சுவரில் 120 செ.மீ. தள்ளி ஒரு கோடு போட்டுவிட்டு, இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவில் குறுக்கே டேப்பை இழுங்கள். சரியாக 150 வந்தால் மூலை மட்டம். 150-க்கு மேல் போனால் மூலை விரிந்திருக்கிறது, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே போகப் போக இடைவெளி வரும், அதை மேடைக் கல் மூடிவிடும் என்பதால் சமாளிக்கலாம். 150-க்குக் கீழே வந்தால்தான் தொந்தரவு: சதுரமான பெட்டி மூலைக்குள் முழுசாக உட்காராது, முன்னால் தள்ளி நிற்கும், அதோடு சேர்ந்து அந்த வரிசை முழுவதும் நகரும். இது ஆர்டர் கொடுக்கும் முன்னாலேயே தெரிந்துவிட்டால் கடைசியில் வரும் பெட்டியைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

மூலையில் தண்ணீர் பைப், தூண், பிளக் பாயின்ட், கேஸ் குழாய் இருந்தால் தரையில் இருந்து எத்தனை உயரம், மூலையில் இருந்து எத்தனை தூரம் என்று ரெண்டு எண்ணும் குறித்துக்கொள்ளுங்கள். தூண் 10 செ.மீ. முன்னால் வந்திருந்தால்கூடச் சுழல் தட்டு வைக்கும் கனவு முடிந்தது, ஏனென்றால் வட்டத் தட்டு சுற்ற வேண்டிய இடத்தில் தூண் நிற்கும்.

வடிவங்கள்

*எல் வடிவம்.* பலருக்கும் "கார்னர் யூனிட்" என்றால் மனதில் வருவது இதுதான். ரெண்டு சுவரிலும் தலா 90 செ.மீ. (அங்குலத்தில் 36, கொஞ்சம் சின்னது 33) எடுத்துக்கொள்ளும், முகப்பு உள்ளே மடிந்த மாதிரி இருக்கும், ரெண்டு ஷட்டரும் தலா 30 செ.மீ. அகலத்தில் ஒன்றோடு ஒன்று மடிந்து திறக்கும். இடம் போதாதவர்களுக்கு 80-க்கு 80 என்று ஒரு அளவும் உண்டு. அதை எடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள்: சுவரில் பிடிக்கும் நீளத்தில் இருந்து பக்க ஆழத்தைக் கழித்து 1.41-ஆல் பெருக்கினால் வாயின், அதாவது சாமான் உள்ளே போகும் திறப்பின் அகலம் கிடைக்கும். 90-இல் 60 போனால் 30, 1.41-ஆல் பெருக்கினால் 42 செ.மீ. அதுவே 80-க்கு 80 என்றால் வெறும் 28 செ.மீ. கீலும் பலகைத் தடிமனும் அதில் இன்னும் ரெண்டு மூன்று செ.மீ. தின்றுவிடும். முதலில் எழுதி வைத்த பாத்திர விட்டத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். 28 செ.மீ. வாய்க்குள் அது போகாது என்றால் 80-க்கு 80 உங்களுக்கு வேண்டாம், உள்ளே எத்தனை இடம் இருந்தாலும்.

இதன் ஷட்டரில் கவனிக்க வேண்டியது கீல். சாதாரணக் கீல் 100 முதல் 110 டிகிரி வரைதான் திறக்கும். மடிப்பு ஷட்டருக்குப் பெட்டியோடு சேரும் பக்கத்தில் 165 அல்லது 170 டிகிரி திறக்கும் கீலும், ரெண்டு ஷட்டருக்கும் நடுவில் அதற்கென்றே வரும் மடிப்புக் கீலும் தேவை. சாதாரணக் கீலைப் போட்டுவிட்டால் ஷட்டர் வாயை மறைத்துக்கொண்டு நிற்கும், 42 செ.மீ. என்பது பாதியாகிவிடும். ஷட்டர்களைச் சுழல் தட்டிலேயே பொருத்தி, தள்ளினால் ஷட்டரும் சேர்ந்து உள்ளே சுற்றுகிற மாதிரியும் செய்வார்கள். பார்க்க அழகு. ஆனால் கொஞ்ச நாளில் தட்டு ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் ஷட்டர் கோணலாகத் தெரியும், விரல் வைத்துக்கொண்டால் நசுங்கும். நான் மடிப்பு ஷட்டர் பக்கம்தான்.

*டயகனல்.* அதே 90-க்கு 90 பெட்டிதான், முகப்பை மட்டும் சாய்வாகக் குறுக்கே வெட்டிவிடுவார்கள். ஒரே ஷட்டர், செய்ய எளிது, கீல் பிரச்சினை இல்லை. வாயின் அகலம் அதே 42 செ.மீ.தான், கணக்கு மாறாது. ஆனால் முகப்பு அறைக்குள் முன்னால் தள்ளி வருவதால் உள் மூலை இன்னும் தூரம் போய்விடுகிறது: எல் வடிவத்தில் முகப்பின் உள்மடிப்பில் இருந்து சுவர் மூலை வரை சுமார் 85 செ.மீ. என்றால், டயகனலில் முகப்பின் நடுவில் இருந்து 106 செ.மீ. நம் கை 70. இதை அலமாரி என்று சொல்வதைவிடக் குகை என்று சொல்லலாம். உள்ளே சுழல் தட்டு வைக்காமல் வெறும் பலகைத் தட்டு மட்டும் வைத்தால், பின்னால் போன டப்பாவை அடுத்து வீடு மாறும்போதுதான் பார்ப்பீர்கள். மேடையின் முன் விளிம்பையும் அதே சாய்வில் வெட்ட வேண்டும் என்பதால் நடக்கும் இடமும் கொஞ்சம் குறையும்.

சிங்க்கை மூலையில் வைக்க நினைப்பவர்கள் இந்த வடிவத்துக்குத்தான் வருவார்கள். 90-க்கு 90-இல் நீங்கள் நிற்கும் முகப்பு 42 செ.மீ.தான், தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். 105-க்கு 105 (சுமார் 42 அங்குலம்) எடுத்தால் முகப்பு 64 செ.மீ. ஆகும், அது நிற்கத் தோது. அந்த அளவு இடம் இல்லையென்றால் சிங்க்கை நேர் சுவருக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது.

*பிளைண்ட் கார்னர்.* ஒரு சுவரின் பெட்டி மூலை வரை நேராக ஓடும், மறு சுவரின் வரிசை வந்து அதன் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு நிற்கும், மறைபடாத பக்கத்தில் மட்டும் ஷட்டர். புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இதில்தான், அதனால் கணக்கை முழுசாகச் சொல்கிறேன். மூலையில் இருந்து தொடங்குங்கள். பக்கத்து வரிசையின் ஆழம், ஷட்டர் முகம் வரை, 60 செ.மீ. அதை ஒட்டி 5 செ.மீ. ஃபில்லர் பட்டி. அதற்கு அப்புறம் உங்கள் ஷட்டர் 45 செ.மீ. மொத்தம் 110. ஷட்டர் 40 என்றால் 105, 50 என்றால் 115. மறு சுவரில் என்ன ஆகும்? அங்கேயும் 60 ஆழமும் 5 பட்டியும் போய், மூலையில் இருந்து 65 செ.மீ. தாண்டித்தான் அடுத்த பெட்டி தொடங்கும்.

கடை அட்டவணையில் பிளைண்ட் பெட்டிகள் 100, 110, 120 செ.மீ. என்றும், அங்குலத்தில் 36, 39, 42, 45, 48 என்றும் இருக்கும். பெட்டியின் அகலம் வேறு, சுவரில் அது பிடிக்கும் இடம் வேறு என்பதை மறக்காதீர்கள். 100 செ.மீ. பெட்டியைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டியதில்லை, 5 அல்லது 10 செ.மீ. தள்ளி நிறுத்தலாம், பின்னால் மூலையில் வெற்றிடம் விழும், வெளியே ஒன்றும் தெரியாது. உங்கள் சுவரின் நீளம் எண்ணுக்குச் சரியாக அமையாதபோது இந்த இழுப்புதான் கை கொடுக்கும். எல் வடிவத்தில் இந்த வசதி கிடையாது, அது மூலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

குறை என்னவென்றால் ஷட்டரின் ஓரத்தில் இருந்து உள் மூலை வரை சுமார் 88 செ.மீ., அதுவும் பக்கவாட்டில் வளைந்து போக வேண்டும். அதனால் உள்ளே இழுப்பு ரேக் இல்லாமல் இதைப் போட வேண்டாம். அல்லது, உள்பக்கம் வருஷ சாமான் மட்டும் என்று தெளிவாக இருந்தால் வெறும் தட்டே போதும்.

*மூடிய மூலை.* ரெண்டு பக்கமும் பட்டி வைத்து மூலையை அப்படியே மூடிவிடுவது. கேட்டவுடன் "இடம் வீணாகுமே" என்பார்கள். ரெண்டு சுவரிலும் தலா 65 செ.மீ. மட்டும் விட்டுவிட்டு ரெண்டு பக்கமும் முழு டிராயர் யூனிட் போடலாம், டிராயரில் கடைசி வரை கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். எல் வடிவம் போட்டால் ரெண்டு பக்கமும் தலா 90 போகிறது. அதாவது மூடிய மூலை ஒவ்வொரு சுவரிலும் 25 செ.மீ. டிராயரைத் திருப்பிக் கொடுக்கிறது. சின்னச் சமையலறைக்கு, சாமான் குறைவாக இருப்பவர்களுக்கு, நான் தயங்காமல் சொல்லும் யோசனை இது. மூலைக்குப் பின்னால் வேறு அறையோ திறந்த கூடமோ இருந்தால் அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு ஷட்டர் வைத்துத் திறந்துகொள்ளலாம், அப்போது அந்தச் சதுரமும் வீண் இல்லை.

இது தவிர, முகப்பு வி வடிவத்தில் மடிந்த மூலை டிராயர்கள் வந்திருக்கின்றன. டிராயர் குறுக்காக நடுவில் ஓடும், ரெண்டு பக்கமும் முக்கோணமாக இடம் போகும். தினசரி உபயோகத்துக்கு நன்றாகவே இருக்கிறது, ஆனால் தண்டவாளம் நீளமானது, வேலைப்பாடு நுணுக்கமானது, முதல் முறை செய்யும் கார்பெண்டரிடம் பரிசோதனை வேண்டாம்.

மேல் கேபினெட்டின் மூலை

இங்கே தொல்லை குறைவு, ஆழமே 30 என்பதால் கை எட்டிவிடும். வழக்கமான அளவு 60-க்கு 60 (24-க்கு 24 அங்குலம்), எல் ஆகவும் வரும், டயகனலாகவும் வரும். 30 ஆழத்துக்கு வாய் 42 செ.மீ. இதில் ஒரு சறுக்கல் இருக்கிறது: பெரிய தட்டு வைக்க வேண்டும் என்று மேல் கேபினெட்டின் ஆழத்தை 35 ஆக்கிவிட்டு, மூலையை மட்டும் அதே 60-இல் விட்டால் வாய் 35 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். ஆழத்தை 5 கூட்டினால் மூலையையும் 65-க்கு 65 ஆக்க வேண்டும்.

தரையில் இருந்து கூரை வரை உயரமான மூலை அலமாரி வேண்டுமா? 120-க்கு 120 எடுத்துப் பக்க ஆழம் 60 வைத்தால் முகப்பு 85 செ.மீ., ஆள் ஒரு எட்டு உள்ளே வைத்து நிற்கும் அளவு. 105 என்றால் 64. ஆனால் மேடை மூலையில் அறுந்துபோகும், வேலை செய்யும் இடம் ரெண்டு துண்டாகும்.

உள்ளே என்ன பொருத்துவது

எல் பெட்டிக்கும் டயகனலுக்கும் சுழல் தட்டு, அதாவது லேசி சூசன் என்றும் கரோசல் என்றும் சொல்வார்களே, அது. 33 அங்குலப் பெட்டிக்கு 28 அங்குல விட்டமும் 36-க்கு 32 அங்குல விட்டமும் வழக்கம். எல் வடிவத்துக்கு ஒரு கால் பங்கு வெட்டிய தட்டு, டயகனலுக்கு முழு வட்டம். வட்டம் சதுரத்தை நிரப்பாது என்பதால் எல் பெட்டியின் தரைப் பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தட்டாகக் கிடைக்கும், மிச்சம் மூலைகளில் போகும். விளிம்பு உயர்ந்த தட்டாக வாங்குங்கள், இல்லையென்றால் சுற்றும்போது ஒரு டப்பா பின்னால் விழுந்து தட்டையே மாட்டிவிடும், அதை எடுக்கப் படுத்துக்கொண்டு கை விட வேண்டும்.

பிளைண்ட் பெட்டிக்கு ரெண்டு வகை. முன் ரேக்கை இழுத்தால் பின் ரேக் தானாக வாய்க்கு வந்து நிற்கும் மேஜிக் கார்னர் ஒன்று. நிலக்கடலை மாதிரி இடுப்பு குறுகிய தட்டு முழுசாக வெளியே சுழன்று வரும் லெமான்ஸ் இன்னொன்று. எது வாங்கினாலும் ஷட்டர் அகலம் இத்தனை இருக்க வேண்டும் என்று பொருத்துவதற்கான தாளில் போட்டிருக்கும், பெரும்பாலும் 45, 50, 60 என்று. ஆகவே உள் சாமானை முதலில் முடிவு செய்துவிட்டு, பெட்டியை அதற்கேற்ப வெட்டச் சொல்லுங்கள். பெட்டி செய்தபின் ரேக் தேடிக் கடை கடையாக அலைவது வீண்.

முட்டுமா என்று பார்ப்பது

நான் தவறவிட்ட படி இது. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி ரெண்டு வரிசையின் முன் விளிம்பையும் வரையுங்கள், பெட்டியின் விளிம்பை இல்லை, ஷட்டரின் முகத்தை. பெட்டி 58, ஷட்டர் 2 என்றால் கோடு 60-இல். அதற்கு முன்னால் கைப்பிடிக்கு 3 அல்லது 4 செ.மீ., ஓவன் கைப்பிடி என்றால் இன்னும் கூடவே இருக்கும். மூலையை ஒட்டிய டிராயர் வெளியே வரும் பாதையில் அந்தக் கைப்பிடி நிற்கிறதா பாருங்கள். நின்றால் பட்டியை 5-இல் இருந்து 7.5 செ.மீ. (3 அங்குலம்) ஆக்குங்கள். கைப்பிடியே இல்லாத ஷட்டர் என்றால் பட்டி குறைவாகவே போதும்.

பாத்திரம் கழுவும் மெஷின் மூலை பக்கத்தில் வருகிறது என்றால் கூடுதல் கவனம். அதன் கதவு கீழே விழுந்து திறக்கும், மூலைப் பெட்டியை அடைத்துவிடும். அதன் விளிம்புக்கும் செங்கோணத்தில் வரும் அடுத்த வரிசைக்கும் நடுவில் ஆள் நிற்க 53 செ.மீ. (21 அங்குலம்) விட வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய சமையலறை குளியலறைச் சங்கம் தன் வழிகாட்டு நெறிகளில் சொல்கிறது. நல்ல எண்.

ஆர்டர், அப்புறம் பொருத்துவது

பிளைண்ட் பெட்டியை "இடது", "வலது" என்று வாயால் மட்டும் சொல்லாதீர்கள். சிலர் ஷட்டர் இருக்கும் பக்கத்தைச் சொல்வார்கள், சிலர் மறைபடும் பக்கத்தைச் சொல்வார்கள். முகத்துக்கு நேராக நின்று பார்க்கிற மாதிரி ஒரு படம் வரைந்து, ஷட்டரில் ஒரு டிக் போட்டுக் கொடுங்கள்.

வாசல் அகலத்தையும் அளந்துவிடுங்கள். 90-க்கு 90 பெட்டியை எப்படிச் சாய்த்தாலும் அதன் சிறிய அளவு 72 செ.மீ. உயரம்தான். வாசல், மாடிப்படித் திருப்பம், இடைவழி எதுவாவது அதைவிடக் குறுகல் என்றால் பலகைகளாகக் கொண்டுவந்து உள்ளேயே பூட்டச் சொல்ல வேண்டும்.

பொருத்தும்போது மூலைப் பெட்டிதான் முதலில் உட்கார வேண்டும், மற்றதெல்லாம் அதில் இருந்து தொடங்கி ரெண்டு பக்கமும் போகும். ரசமட்டம் வைத்துத் தரையில் எந்த இடம் மேடு என்று பார்த்து அந்த உயரத்தைக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை உள்ளே தள்ளிய பிறகு பின் மூலைக் காலைத் திருகக் கை போகாது, அதனால் பின் கால்களை முன்னாலேயே சரியான உயரத்துக்குத் திருகி வைத்துவிட்டு, மீதியை முன் கால்களில் சரிசெய்ய வேண்டும். பிளைண்ட் ஆனாலும் மூடிய மூலை ஆனாலும் வெற்றிடம் விழும் இடத்தில் மேடைக் கல்லுக்குக் கீழே ஆதாரம் இருக்காது. சுவரில் ரீப்பர் கட்டை அடித்துத் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். ஃபில்லர் பட்டியைக் கடைசியில், ரெண்டு டிராயரையும் முழுசாக இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வெட்டட்டும்.